எழுத்தில் தடுமாறும் ஊழியர்: கேள்வி – பதில்

கேள்வி: என் குழுவில் ஒருவர் வாயால் விளக்கினால் பிரமாதம். மின்னஞ்சலில் மட்டும் பிழை மேல் பிழை. இன்வாய்ஸ் எண்களை மாற்றிப் போடுகிறார். மீட்டிங்கில் குறிப்பெடுக்கச் சொன்னால் பாதிதான் வருகிறது. தனக்கு டிஸ்லெக்சியா (வாசிப்பதிலும் எழுதுவதிலும் வரும் சிரமம்) இருப்பதாகச் சொன்னார். நான் என்ன செய்யலாம்?

பதில்: எந்த வேலையில் சிக்குகிறது என்று முதலில் அவரிடமே கேளுங்கள். டிஸ்லெக்சியா ஆளுக்கு ஆள் வேறுபடும். அறிவுக் குறைவும் இல்லை, அலட்சியமும் இல்லை. எழுத்தை ஒலியோடு சேர்ப்பது மற்றவர்களுக்குத் தானாக நடக்கிறது. அவருக்கு ஒவ்வொரு முறையும் முயற்சி தேவைப்படுகிறது. கேட்டுக்கொண்டே எழுதுவதென்றால் சுமை இரட்டிப்பு. எனவே குறிப்பெடுக்கும் பொறுப்பை வேறொருவரிடம் கொடுங்கள். அஜெண்டாவை முந்தின நாளே அனுப்புங்கள். மீட்டிங் முடிந்ததும் யார், என்ன, எப்போதைக்குள் என்று மூன்றே வரி போதும்.

‘அனுப்புமுன் இன்னொரு தடவை பாருங்கள்’ என்று சொல்வதில் பயனில்லை. ஒருமுறை தவறவிட்ட கண் மறுமுறையும் தவறவிடும். ‘வேண்டும்’ என்பது ‘வேண்டாம்’ ஆகிவிட்டால் கணினியின் பிழைதிருத்திக்கும் தெரியாது, இரண்டுமே சரியான சொற்கள்தானே! கணினியை உரக்க வாசிக்கவிட்டால் காது பிடித்துவிடும். எண்களைத் தட்டச்சு செய்ய வேண்டாம், காப்பி பேஸ்ட் செய்யட்டும். தட்டச்சு செய்தே ஆகவேண்டுமென்றால் 4817263 என்பதை 481 72 63 என்று பிரித்துக் கொடுங்கள்.

ஆவணங்களில் எழுத்து 12 முதல் 14 பாயின்ட், வரி இடைவெளி 1.5 இருக்கட்டும். இடது ஓரம் மட்டும் நேராக இருந்தால் போதும். இரு ஓரமும் நேராக்கினால் சொற்களுக்கு நடுவே ஓட்டை விழுந்து கண் வரி தவறும். சாய்வெழுத்து, அடிக்கோடு இரண்டும் வேண்டாம், அழுத்தம் வேண்டுமென்றால் தடித்த எழுத்து இருக்கிறது. டிஸ்லெக்சியாவுக்கென்றே விற்கும் எழுத்துருக்களை நம்பிக் காசு செலவழிக்காதீர்கள். பலனைத் தருவது பெரும்பாலும் இடைவெளிதான்.

கேள்வி: குழுவில் எல்லோரிடமும் சொல்லிவிடலாமா?

பதில்: அவர் சம்மதிக்காமல் கூடாது. ஏற்பாட்டைச் சொல்லுங்கள், காரணத்தை விடுங்கள். அஜெண்டா எல்லோருக்கும் முன்கூட்டியே போனால் யாரும் கேட்கப்போவதில்லை.

கேள்வி: சலுகை கொடுத்தால் வேலையின் தரம் குறையாதா?

பதில்: இன்வாய்ஸ் எண் சரியாக இருக்க வேண்டும், அதில் தளர்வே இல்லை. அதைச் சரிபார்க்கும் வழிதான் மாறுகிறது. உள்ளுக்குள் அனுப்பும் மின்னஞ்சலில் ஒற்றுப்பிழைக்காக மதிப்பெண் குறைப்பது வேறு விஷயம்; ஒற்றுப் பார்ப்பது அவர் வேலையே இல்லை.

ஏற்பாடுகள் பெரும்பாலும் கோட்டைவிடுவது வேறிடத்தில். பேசினால் எழுதிக்கொடுக்கும் மென்பொருளை நிறுவிவிட்டு, ஆளைத் திறந்த ஹாலில் எல்லோருக்கும் நடுவே உட்காரவைப்பார்கள். அங்கே யார் வாய்திறந்து கடிதம் சொல்வார்? மைக்குடன் ஒரு ஹெட்ஃபோன், கதவுள்ள ஒரு சிறிய அறை, பழகிக்கொள்ள இரண்டு மூன்று வாரம். மென்பொருளோடு இவற்றையும் கொடுங்கள்.