கடலலை அல்ல, கடல் ஓட்டம்

கேள்வி: சிங்கப்பூரைச் சுற்றிலும் கடல். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) கூரைகளில் சூரியத் தகடு இருப்பதுபோல், கடல் ஏற்றவற்றத்திலிருந்தும் மின்சாரம் எடுத்தால் இரவுத் தேவையை ஈடுகட்ட முடியாதா? - வாசகர், தெம்பனிஸ்

பதில்: சிறிதளவு முடியும். பிரான்சின் லா ரான்ஸ் (1966, 240 மெகாவாட்) போன்ற, அணை கட்டி ஏற்ற நீரைத் தேக்கி மின்சாரம் எடுக்கும் தடுப்பணை நிலையம் இங்கே சரிவராது. அங்கே நீர்மட்ட வேறுபாடு சராசரி 8 மீட்டர்; நமக்குப் பெரிய ஏற்றத்திலும் ஏறத்தாழ 3 மீட்டர்தான்.

மிஞ்சுவது, ஓடும் கடல்நீர் இறக்கையைச் சுழற்ற மின்சாரம் தரும் நீரோட்டச் சுழலி. வேகம் இரட்டித்தால் திறன் எட்டு மடங்காகும். நொடிக்கு 1 மீட்டர் ஓட்டத்தில், நீர் பாயும் பரப்பின் சதுர மீட்டருக்குச் சுமார் 500 வாட், 2 மீட்டரில் 4,000 வாட். சுழலி அதில் 40 விழுக்காட்டைப் பிடித்தாலே நல்லது. ஆகவே வாங்குமுன் ஓராண்டாவது ஓட்ட வேகத்தை அளந்தே தீரவேண்டும். வேகமான இடம் கப்பல் பாதையாக இருந்தால் அதுவும் உதவாது.

ஏற்றவற்றத்தைப் பல ஆண்டுகளுக்கு முன்பே கணிக்கலாம். மேகத்தால் திடீரென அறுந்துபோகும் சூரிய மின்சாரத்துக்கு இல்லாத பெரும் பலம் இது. ஆனால் ஓட்டம் திசை மாறும்போது சுழலி நிற்கும், அந்த நேரமும் தினம் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். இந்த இடைவெளியை மின்கலன் தாங்கும். அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் நடுவே ஓட்டம் பல நாள் தளர்வதை மின்கலன் தாங்காது. ஜூரோங் தீவில் 2023இல் 285 மெகாவாட்-மணியுடன் திறக்கப்பட்ட மின்கலன் அமைப்பும் சில மணி நேரத்துக்கானதே. அந்நாள்களுக்கு எரிவாயுவோ இறக்குமதி மின்சாரமோ வேண்டும்.

பராமரிப்பையும் கணக்கில் சேருங்கள்: நம் வெதுவெதுப்பான கடலில் கொட்டலசு என்னும் ஓடுள்ள சிற்றுயிர் விரைவில் ஒட்டி, இறக்கையைச் சொரசொரப்பாக்கித் திறனைக் குறைக்கும். மேலே தூக்கிச் சுரண்ட வசதியுள்ள மிதவைச் சுழலியே இங்கே ஏற்றது.