முதல் மெஷின், முதல் ராடு: வெல்டிங் கேள்வி-பதில்

சொந்தமாக ஒரு வெல்டிங் மெஷின் வாங்க நினைப்பவர்களிடமிருந்து வரும் கேள்விகள் இப்போது கூடிவிட்டன. ஐந்து கிலோ எடையில், தோளில் மாட்டிக்கொண்டு போகிற மாதிரி இன்வெர்ட்டர் மெஷின் வந்துவிட்டதுதான் காரணம். முப்பது வருடமாகப் பட்டறையில் ராடு (உருகி இரும்பை இணைக்கும் பூச்சுக் கம்பி) பிடிக்கிறவன் என்ற முறையில், பலருக்கும் பயன்படும் கேள்விகள் சிலவற்றை எடுத்துக்கொள்கிறேன்.

அண்ணா, உடுமலைப்பேட்டை பக்கம் நாலு ஏக்கர் தென்னை. கேட், கலப்பைக் கொழு, மோட்டார் ரூம் கதவு, எது உடைந்தாலும் டவுனுக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியிருக்கிறது. இன்வெர்ட்டர் வாங்கவா? பழைய டிரான்ஸ்ஃபார்மர் மெஷின் ஒன்று மலிவாக வருகிறது, அதை வாங்கவா?

இன்வெர்ட்டரே வாங்குங்கள் தம்பி. டிரான்ஸ்ஃபார்மர் மெஷினைக் குறை சொல்ல மாட்டேன். செம்புக் கம்பி சுற்றியதாக இருந்தால் அப்பா வாங்கியதை மகன் ஓட்டலாம். ஆனால் பெரும்பாலானவை இரண்டு ஃபேஸ் கேட்கும், நகர்த்த இரண்டு ஆள் வேண்டும்.

உங்களுக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. கொழு என்பது கேட்டுக்குப் போடுகிற சாதா இரும்பு இல்லை, கார்பன் கூடிய எஃகு. அதில் 6013 என்ற சாதா வகை ராடு போட்டால் பார்க்க நன்றாகத்தான் இருக்கும். அப்புறம் வெல்டிங்கின் ஓரத்திலேயே விரிசல் விட்டு, இரண்டு சால் ஓட்டுவதற்குள் கழன்று விழும். கொழுவைச் சூடுபடுத்திக்கொண்டு 7018 வகை ராடு போட வேண்டும், முடித்ததும் தண்ணீரில் முக்காமல் சாம்பலிலோ மணலிலோ புதைத்து மெதுவாக ஆறவிட வேண்டும். 7018 டிசியில்தான் ஒழுங்காக எரியும். சின்ன ஏசி மெஷினில் அணைந்து அணைந்து உயிரை வாங்கும். இன்வெர்ட்டர் தருவது டிசி.

அளவு, 200 ஆம்பியர் என்று விற்பதே போதும். ஆனால் ஸ்டிக்கரை நம்பி வாங்காதீர்கள். நான் வாங்கிய முதல் இன்வெர்ட்டரில் 250 என்று பெரிதாக எழுதியிருந்தது. 4 மி.மீ. ராடு மாட்டினால் பாதியிலேயே மூச்சு வாங்கியது. பின்பக்கத் தகட்டைப் படியுங்கள். 200 ஆம்பியர், 60 சதவீதம் டியூட்டி சைக்கிள் என்று இருந்தால், 200 ஆம்பியரில் பத்து நிமிடத்துக்கு ஆறு நிமிடம் எரிக்கலாம், நாலு நிமிடம் ஆறவிட வேண்டும் என்று பொருள். அதையும் பொதுவாக 40 டிகிரி வெப்பத்தில் கணக்கிட்டுச் சொல்கிறார்கள். சித்திரை மாதம் தகரக் கொட்டகைக்குள் அதையும் தாண்டிவிடும். தகடே இல்லாத மெஷினைக் கையில் தொட வேண்டாம்.

தோப்பில் வைக்கும்போது தரையில் வைக்காதீர்கள். எறும்பும் பல்லியும் உள்ளே போய் போர்டை எரித்துவிடும். அப்புறம், விவசாய இலவச இணைப்பு பம்புக்காகத் தந்தது. அதில் வெல்டிங் ஓட்டக்கூடாது. வீட்டு லைனிலிருந்தோ ஜெனரேட்டரிலிருந்தோ எடுங்கள்.

வீட்டில் 16 ஆம்பியர் பவர் பிளக் இருக்கிறது. 30 மீட்டர் எக்ஸ்டென்ஷன் வயர் போட்டு மொட்டை மாடியில் வெல்டிங் செய்யலாமா? (அம்பத்தூர்)

2.5 மி.மீ. ராடு வரைக்கும் செய்யலாம். பட்டறைகளில் 12 நம்பர் என்று சொல்வது இதைத்தான். 80 ஆம்பியரில் எரித்தால் சாதாரண இன்வெர்ட்டர் உங்கள் பிளக்கிலிருந்து 13, 14 ஆம்பியர் இழுக்கும். 3.15 மி.மீ., அதாவது 10 நம்பர் ராடை 120 ஆம்பியரில் எரித்தால் 20 ஆம்பியருக்கு மேல் போய்விடும். பிளக் சூடாகி உருகும். அதற்கு மெயின் போர்டிலிருந்து தனி லைன், 32 ஆம்பியர் எம்சிபி (கரண்டு மிஞ்சினால் தானாக அணையும் சுவிட்ச்) வேண்டும். வயர்மேனை வைத்துச் செய்யுங்கள்.

வயர் விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். 1 சதுர மி.மீ. வயரில் 30 மீட்டர் போனால் 14 ஆம்பியர் இழுக்கும்போது வழியிலேயே ஏறக்குறைய 15 வோல்ட் தொலைந்துவிடும். ராடு ஒட்டுகிறது, மெஷின் சரியில்லை என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகிறவர்களில் பலருக்கு வில்லன் இந்த வயர்தான். 4 சதுர மி.மீ. வாங்குங்கள். சுருட்டி வைத்தபடியே ஓட்டாமல் முழுக்க விரித்துப் போடுங்கள்.

வீட்டில் ஆர்சிசிபி (கரண்டு கசிந்தால் லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்) இருக்கிறது, ஷாக் அடிக்காது என்று நினைக்காதீர்கள். அது மெஷினுக்குப் போகிற கரண்டைத்தான் காக்கும். ராடைப் பிடிக்கும் ஹோல்டரில் வருகிற 60, 70 வோல்ட் அதற்குத் தெரியாது. வியர்வையில் நனைந்த பனியனோடு, வெறுங்காலோடு, ஈரத் தரையில் உட்கார்ந்து ராடு மாற்றினால் அந்த வோல்டேஜே ஆபத்து. காய்ந்த தோல் கையுறை, ஷூ, தடித்த காட்டன் துணி. பாலியஸ்டர் பொறி பட்டதும் உருகித் தோலோடு ஒட்டும்.

சார், மெஷின் வாங்கி பத்து நாள் ஆகிறது. ராடு ஒட்டிக்கொண்டே இருக்கிறது. ஒட்டாமல் வந்தால் வெல்டிங் கட்டி கட்டியாக, உள்ளே ஓட்டையாக வருகிறது. எனக்கு இது வராதா? (சேலம்)

வரும். பத்து நாளில் யாருக்கும் வந்ததில்லை.

முதலில் ஒட்டுவதைப் பார்ப்போம். தீக்குச்சி உரசுகிற மாதிரி ராடின் நுனியை இரும்பில் ஓர் இழுப்பு இழுத்து, பொறி பற்றியதும் நுனியளவு தூக்க வேண்டும். எவ்வளவு? ராடுக் கம்பியின் தடிமன் எவ்வளவோ அவ்வளவு, 2.5 மி.மீ. ராடுக்கு 2.5 மி.மீ. அதிகம் தூக்கினால் அணைந்துவிடும், இல்லையென்றால் பொறி தெறித்து ஓட்டை ஓட்டையாக வரும். ஒட்டிக்கொண்டால் மணிக்கட்டைத் திருப்பி உடையுங்கள், முடியாவிட்டால் ஹோல்டரின் வாயைத் திறந்து விடுங்கள். முகமூடியை மட்டும் முகத்திலிருந்து எடுக்காதீர்கள். புதியவர்கள் ஒட்டியதைப் பார்க்க முகமூடியை எடுத்துவிட்டு ராடைப் பிடுங்குவார்கள், அந்த நொடியில் வெளிச்சம் நேராகக் கண்ணில் அடிக்கும்.

80 ஆம்பியரில் தொடங்குங்கள். தொடர்ந்து ஒட்டினால் ஐந்து ஐந்தாக ஏற்றுங்கள். ராடு பாதியிலேயே சிவந்து, வெல்டிங்கின் ஓரம் அரித்துக் குழி விழுந்தால் இறக்குங்கள். எர்த் கிளாம்பு (மெஷினின் இன்னொரு வயரை இரும்போடு சேர்க்கும் கவ்வி) பிடிக்கும் இடத்தில் துருவையும் பெயின்டையும் கிரைண்டரில் எடுத்திருக்கிறீர்களா? இல்லையென்றால் எந்த ஆம்பியரும் உதவாது.

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறேன். நீங்கள் வெளிச்சத்தைப் பார்க்கிறீர்கள் என்று நினைக்கிறேன். எல்லாரும் அப்படித்தான் தொடங்குவார்கள். வெளிச்சத்தை விட்டுவிட்டு அதற்குப் பின்னால் ராடு விட்டுப்போகும் குழம்பைப் பாருங்கள். அதில் இரண்டு பொருள் இருக்கும். ஒன்று உருகிய இரும்பு. அது கண்ணாடி மாதிரி வழவழப்பாக, அமைதியாக நிற்கும். இன்னொன்று ஸ்லாக், ராடின் மேல்பூச்சு உருகி வரும் கசடு. காய்ச்சிய பாலில் ஆடை ஒதுங்குவது போல அந்த இரும்பின் மேல் நெளிந்து நெளிந்து பின்னால் ஒதுங்கும். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கக் கண் பழகிவிட்டால் பாதி வெல்டிங் வந்துவிட்டது. ஸ்லாக் முன்னால் ஓடி ராடைத் தாண்டப் பார்க்கிறதா? அங்கேதான் இரும்புக்கு உள்ளே அது மாட்டி ஓட்டையாகிறது. ராடைப் போகிற திசைப் பக்கம் 15, 20 டிகிரி சாய்த்து இழுங்கள், நுனியை நெருக்குங்கள். பொறியின் வேகத்தில் ஸ்லாக் பின்னுக்குப் போகும். குழம்பு ராடைப் போல இரண்டு பங்கு அகலம் வந்ததும் நகருங்கள், அந்த அகலம் மாறாமல் நகருங்கள்.

என்னிடம் வருகிற பையன்களுக்கு முதல் இரண்டு வாரம் பழைய இரும்புக் கடையில் வாங்கிய 6 மி.மீ. ஃபிளாட் (பட்டை இரும்பு) துண்டும் 6013 ராடும்தான். எதையும் எதோடும் சேர்க்க விடமாட்டேன், இரும்பின் மேல் கோடு கோடாக வெறும் வெல்டிங் வரிசை. ஒரு ராடு முழுதும் எரிந்தால் 15 முதல் 20 செ.மீ. நீளம் வர வேண்டும். 8 செ.மீ.தான் வந்தால் தயங்கித் தயங்கி நிற்கிறீர்கள், 25 வந்தால் ஓடுகிறீர்கள். ஸ்லாக்கைத் தட்டி, கம்பி பிரஷ் போட்டு, ஒவ்வொரு வரிசைக்குப் பக்கத்திலும் சாக்பீஸில் ஆம்பியரை எழுதச் சொல்வேன். ஒரு கிலோவில் ஐம்பது ராடுக்கு மேல் இருக்கும். இரண்டு கிலோவை இப்படி எரித்தவன் தானாகவே கேள்வி கேட்க வந்துவிடுவான், அந்தக் கேள்வியும் சரியான கேள்வியாக இருக்கும்.

மாடித்தோட்டத்துக்கு ஸ்டாண்டு செய்ய 18 கேஜ் ஸ்கொயர் ட்யூப் வாங்கினேன். ராடு வைத்ததும் ஓட்டை விழுகிறது. பெண்கள் செய்கிற வேலை இல்லை என்று வீட்டில் கேலி செய்கிறார்கள். (மதுரை)

அம்மா, கேலி செய்கிறவர்களைக் கூப்பிட்டு அதே ட்யூபில் ஒரு டேக் (பிடிப்புக்கு வைக்கும் சின்னப் புள்ளி வெல்டிங்) வைத்துக் காட்டச் சொல்லுங்கள். 18 கேஜ் என்றால் 1.2 மி.மீ. தடிமன். ராடு வெல்டிங்கில் கஷ்டமான வேலையே இதுதான், அனுபவக்காரர்களுக்கும் ஓட்டை விழும். நிதானமான கை யாருக்கு இருக்கிறதோ அவருக்கு வரும்.

ராடு 2 மி.மீ. கிடைத்தால் நல்லது, இல்லையென்றால் 2.5. கரண்டு 45 முதல் 60. ஹோல்டரை மைனஸில் மாற்றிப் போடுங்கள், எர்த் பிளஸில். துளைக்கிற வேகம் குறையும். 6013 ராடு பிளஸிலும் எரியும், மைனஸிலும் எரியும். தொடர்ந்து இழுக்காதீர்கள். ஒரு புள்ளி வையுங்கள், சிவப்பு அடங்கட்டும், ஸ்லாக்கைத் தட்டிவிட்டு அதன் பாதியில் ஏறுகிற மாதிரி அடுத்த புள்ளி. இரண்டு ட்யூபும் இடைவெளி இல்லாமல் பொருந்தும்படி வெட்டுங்கள். இடைவெளி இருந்தால் ஓட்டை நிச்சயம். நாலு மூலையிலும் டேக் வைத்து மூலைமட்டத்தில் சரிபார்த்த பிறகே முழு வெல்டிங். ஒரே பக்கமாக வைத்துக்கொண்டே போனால் சட்டம் கோணிக்கொள்ளும். அடுத்த முறை 16 கேஜ் வாங்குங்கள், நனைந்த மண்தொட்டியின் எடைக்கும் அதுதான் நல்லது.

நேற்று சாயங்காலம் வெல்டிங் வெளிச்சத்தைக் கொஞ்ச நேரம்தான் பார்த்தேன். ராத்திரி கண்ணில் மணல் கொட்டின மாதிரி எரிச்சல், தூக்கமே இல்லை. தாய்ப்பால் விடச் சொல்கிறார்கள், விடலாமா?

வேண்டாம். தாய்ப்பால், வெங்காயச் சாறு, உருளைக்கிழங்கு எதையும் கண்ணில் போடாதீர்கள். உங்களுக்கு வந்திருப்பது புறஊதாக் கதிரால் கருவிழியின் மேல்தோல் வெந்துபோவது. வெயிலில் தோல் வேகிற மாதிரிதான். பட்ட உடனே தெரியாது, ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரம் கழித்து நடு ராத்திரியில் ஆரம்பிக்கும். பெரும்பாலும் ஒன்று, இரண்டு நாளில் ஆறிவிடும், ஆனால் வெந்த தோலில் கிருமி தொற்றினால் பார்வைக்கே கேடு. காலையிலேயே கண் மருத்துவரிடம் போங்கள். அதுவரை கண்ணை மூடி மேலே குளிர்ந்த ஈரத்துணி போடலாம், கசக்கக்கூடாது. மரத்துப்போகிற சொட்டு மருந்தை மருந்துக் கடையில் வாங்கி விட்டுக்கொள்வது தவறு, கருவிழி ஆறுவதை அது கெடுக்கும்.

பதினெட்டு வயதில் நானும் இப்படி ஒரு ராத்திரி சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறேன். அதனால் சொல்கிறேன், கூலிங் கிளாஸ் போதாது. முகம் முழுதும் மறைக்கும் முகமூடி, 10 அல்லது 11 நம்பர் கறுப்புக் கண்ணாடி. தானாகக் கறுக்கும் ஹெல்மெட் வாங்க முடிந்தால் அதுதான் முதல் செலவு, மெஷினில் ஆயிரம் ரூபாய் குறைத்தாவது வாங்குங்கள். எட்டி நின்று வேடிக்கை பார்க்கும் பிள்ளைகளுக்கும் இதே கதிர்தான். இடையில் ஒரு தார்ப்பாய் கட்டிவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

ஜிஐ பைப்பில் வெல்டிங் செய்த அன்று ராத்திரி குளிர் ஜுரம் வந்தது. சம்பந்தம் உண்டா?

உண்டு. மேலே பூசியிருக்கும் துத்தநாகம் 907 டிகிரியில் கொதித்து வெள்ளைப் புகையாகிறது. அதைச் சுவாசித்தால் சில மணி நேரத்தில் மலேரியா மாதிரி நடுக்கமும் ஜுரமும் வரும். பொதுவாக ஓரிரு நாளில் போய்விடும். மூச்சு வாங்கினால் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பால் குடித்தால் சரியாகும் என்பது வெறும் நம்பிக்கை. வெல்டிங் வைக்கிற இடத்தில் இரண்டு அங்குலத்துக்குப் பூச்சை கிரைண்டரில் எடுத்துவிடுங்கள், காற்று முதுகுப் பக்கமோ பக்கவாட்டிலோ வீசுகிற மாதிரி திறந்தவெளியில் உட்காருங்கள்.

காலி டீசல் பேரலைத் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டுக் கைப்பிடி வெல்டிங் செய்யலாமா?

கூடாது. கழுவினாலும் மடிப்பில் தங்கியிருக்கும் டீசல் சூட்டில் ஆவியாகும், மூடிய பேரல் வெடிகுண்டாகும். போல்ட் போட்ட கிளாம்பு மாட்டிக்கொள்ளுங்கள்.

பையன் பத்தாவது முடித்துவிட்டான், வெல்டிங் என்கிறான். பட்டறையில் சேர்க்கவா, ஐடிஐயா?

ஐடிஐ. வெல்டர் பிரிவு ஒரு வருடம்தான். பட்டறையில் கை பழகும், ஆனால் எந்த எஃகுக்கு எந்த ராடு, ஏன் என்று சொல்லித்தர யாருக்கும் நேரமிருக்காது. படிப்பு முடிந்ததும் ஒரு வருடம் நல்ல பட்டறையில் விடுங்கள். ஆர்வம் நிலைத்தால் திருச்சி பெல் (BHEL) தொழிற்சாலை வளாகத்தில் 1975 முதல் இயங்கும் வெல்டிங் ஆராய்ச்சி நிலையத்தின் பயிற்சிகளை விசாரியுங்கள். 45 டிகிரி சாய்த்து நிறுத்திய பைப்பைச் சுற்றிலும் வெல்டிங் வைக்கிற 6ஜி தேர்வில் தேறியவனுக்கு வேலை தேடி வரும்.

இரண்டு மாதமாகப் பழகுகிறேன், வரிசை அழகாக வருகிறது. வீட்டு ஊஞ்சலுக்குக் கொக்கி நானே வெல்டிங் செய்யலாமா? (கும்பகோணம்)

அழகை வைத்து முடிவு செய்யாதீர்கள், உடைத்துப் பாருங்கள். ஒரு 6 மி.மீ. ஃபிளாட் மேல் இன்னொன்றை டி எழுத்து மாதிரி செங்குத்தாக நிறுத்தி, ஒரே பக்கம் மட்டும் வெல்டிங் வையுங்கள். ஆறியதும் வைஸில் பிடித்து, வெல்டிங் இல்லாத பக்கத்திலிருந்து சம்மட்டியால் அடித்து, நிற்கிற தகட்டை வெல்டிங் மேல் மடக்குங்கள். உடையாமல் மடங்கினால் நல்லது. உடைந்தால் உள்ளே பாருங்கள். அடியில் தகட்டின் ஓரம் வெட்டின கோடாக அப்படியே நேராகத் தெரிந்தால் அங்கே இரும்பு உருகவே இல்லை, மேலே ஒட்டவைத்திருக்கிறீர்கள். கறுப்புத் திட்டு தெரிந்தால் ஸ்லாக். பத்துத் துண்டு தொடர்ந்து சுத்தமாக வரும்வரை ஆள் உட்காரும் எதற்கும் ராடு வைக்க வேண்டாம்.

அப்படி வந்த பிறகும், கொக்கியை உத்தரத்தின் அடியில் ஒட்டித் தொங்கவிடாதீர்கள். 16 மி.மீ. கம்பியை யூ வடிவில் வளைத்து உத்தரத்துக்கு மேலாகப் போட்டு, இரண்டு முனையும் கீழே வரும்படி செய்யுங்கள். பாரம் கம்பியின் வளைவில் நிற்கட்டும், வெல்டிங் அது நகராமல் பிடிப்பதற்கு மட்டும் இருக்கட்டும். மாட்டியதும் முதலில் இரண்டு நெல் மூட்டையை வைத்து ஒரு நாள் ஆட்டிப் பாருங்கள்.