ஃபிரெஞ்சு எண்களை அசை பிரிப்பது எப்படி?

கேள்வி: ஃபிரெஞ்சு கற்கத் தொடங்கியிருக்கிறேன். ஆறு என்னும் எண்ணை எங்கள் ஆசிரியர் ஓரிடத்தில் 'சீஸ்' என்றும் வேறிடத்தில் 'சீ' என்றும் ஒலிக்கிறார். எழுத்து மாறவில்லையே, எது சரி? எண்ணுப்பெயர்களை எவ்வாறு அசை பிரிப்பது?
– வாசகி ஒருவர், புதுச்சேரி

பதில்: இரண்டும் சரி, மூன்றாவது வடிவமும் ஒன்று உண்டு. தனியாக எண்ணும்போது 'சீஸ்'. மெய்யொலியில் தொடங்கும் பெயர் பின்னால் வந்தால் இறுதி ஒலி மறைந்து, ஆறு புத்தகங்கள் 'சீ லீவ்ர்' ஆகின்றன. உயிரொலியில் தொடங்கும் பெயர் வந்தாலோ, அந்த இறுதி ஒலி வண்டின் ரீங்காரம் போல அதிரும் ஸகரமாகி அடுத்த சொல்லின் முதல் அசையோடு சேர்ந்துவிடுவதால், ஆறு நண்பர்கள் 'சீ-ஸ-மீ' என மூன்று அசைகளாகப் பிரிகின்றனர். மெய்யின்மேல் உயிர் ஏறும் நம் புணர்ச்சியை அறிந்தவருக்கு இது புதிதன்று. எண்ணைத் தனியே வைத்து அசை பிரித்தால் பாதி உண்மைதான் கிடைக்கும் என்பதால், எண்களை மட்டும் வரிசையாக மனப்பாடம் செய்யும் முறையை நான் ஏற்பதில்லை. பெயர்ச்சொல்லோடு சேர்த்தே பழகுங்கள்.

பத்தும் ஆறைப் போன்றதே. எட்டின் இறுதித் தகரம் மெய்யொலிக்கு முன் மட்டும் மறையும். ஒன்பதின் இறுதி ஃபகரம், ஆண்டையும் மணியையும் குறிக்கும் சொற்களுக்கு முன் வகரமாகும். மற்ற உயிர்முதற் சொற்களுக்கு முன் பொதுவாக மாறாது. ஏழில் எழுதப்படும் பகரம் எங்குமே ஒலிக்காது.

நான்கைக் குறிக்கும் 'கத்ர்' எழுத்தில் இரண்டு அசை, பேச்சில் ஒன்று. ஆனால் மரபுக் கவிதையில் மெய்யொலிக்கு முன் வரும்போது, பேச்சில் கேளாத அந்த இறுதி எகரத்தையும் சேர்த்து இரண்டாகவே எண்ணுவர்.

எட்டும் பதினொன்றும் உயிரொலியில் தொடங்குவன போலத் தோன்றினாலும், தமக்கு முன்வரும் சுட்டிடைச்சொல்லோடு (ஆங்கிலத்தின் 'the' போன்றது) இணைவதில்லை. அது 'லெ' என்றே தனித்து நிற்கும். ஆயினும் 18 என்னும் கூட்டெண்ணுக்குள் மட்டும் பத்தின் ஸகரம் அதிர்ந்து எட்டோடு ஒட்டிக்கொள்ளும். மாணவர் மிகுதியும் இடறுவது இருபதில்தான்: அதன் இறுதித் தகரம் தனியே நிற்கும்போது ஒலிக்காது, 21 முதல் 29 வரை ஒலிக்கும், 'நான்கு இருபதுகள்' என்று அமைந்த 80-இலும் அதைத் தொடரும் 81 முதல் 99 வரையிலும் மீண்டும் ஊமையாகிவிடும்.