டீச்சர் பதில்கள்: சம்பளம் அரசுடையது, வாசல் யாருடையது?

அன்புள்ள டீச்சர், என் மகள் கனடாவில், டொரான்டோ நகரின் ஸ்கார்பரோ பகுதியில் இருக்கிறாள். பேரனைப் பள்ளியில் சேர்க்கும் வயது. தெருமுனையிலேயே கத்தோலிக்கப் பள்ளி. முழுக்க அரசுப் பணத்தில் நடப்பதால் ஃபீஸ் கிடையாது. ஆனால் ஞானஸ்நானச் சான்று கேட்கிறார்களாம். மாடி வீட்டு முஸ்லிம் குடும்பமோ தங்கள் மதப் பள்ளிக்குக் கைக்காசு கட்டிப் பிள்ளைகளை அனுப்புகிறது. ஒரு மதத்துக்கு மட்டும் அரசு கொடுப்பது என்ன நியாயம்? இதை வைத்தே அங்கே ஒரு தேர்தல் நடந்ததாக மாப்பிள்ளை சொல்கிறார். நிஜமா?
– ஓய்வுபெற்ற அஞ்சலக ஊழியர், முத்தியால்பேட்டை

நிஜம்தான் ஐயா. 2007 அக்டோபர் 10 அன்று ஒன்டாரியோ மாகாணத்தில் நடந்த தேர்தல் அது. ஆனால் கதை 140 வருடம் முன்பே தொடங்கிவிட்டது.

1867இல் கனடா என்ற நாட்டை உண்டாக்கிய சட்டத்தில் 93ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. ஒன்டாரியோவில் கத்தோலிக்கர் சிறுபான்மை. பக்கத்து கியூபெக்கில் பிராட்டஸ்டன்டுகள் சிறுபான்மை. எங்கள் ஆட்களின் பள்ளியில் நீங்கள் கை வைக்கக் கூடாது, உங்கள் ஆட்களின் பள்ளியில் நாங்கள் கை வைக்க மாட்டோம் என்று இரண்டு தரப்பும் செய்துகொண்ட உடன்படிக்கை அது. ஸ்கார்பரோவில் தமிழர் குடியேறுவார்கள், மசூதியும் குருத்வாராவும் வரும் என்று அன்றைக்கு யார் நினைத்தார்கள்?

ஆனாலும் நெடுங்காலம் கத்தோலிக்கப் பள்ளிக்கு அரசு உதவி பத்தாம் வகுப்பு வரைதான். 1984இல் மாகாண முதல்வர் பில் டேவிஸ் அதைக் கடைசி வகுப்பு வரை நீட்டுவதாக அறிவித்தார். அவருடைய கன்சர்வேடிவ் கட்சி 1943 முதல் அசையாமல் ஆண்ட கட்சி. மறு வருடமே ஆட்சி போனது. பள்ளி மட்டும்தான் காரணம் என்று சொல்ல மாட்டேன்; ஆனால் அந்தக் கட்சியின் பழைய பிராட்டஸ்டன்ட் ஆதரவாளர்கள் பலருக்கு மனம் கசந்தது உண்மை. நீட்டிப்பு செல்லும் என்று 1987இல் கனடா உச்ச நீதிமன்றம் சொன்னது. எங்களுக்கும் கொடுங்கள் என்று யூதர்களும் வேறு கிறிஸ்தவப் பிரிவினரும் போட்ட வழக்கில், அரசியலமைப்புப்படி உங்களுக்கு அந்த உரிமை இல்லை என்று 1996இல் அதே நீதிமன்றம் சொன்னது. டொரான்டோவில் ஒரு யூதத் தந்தை விடவில்லை, ஐ.நா. மனித உரிமைக் குழுவரை போனார். இது பாகுபாடுதான் என்று 1999இல் அந்தக் குழு அவர் பக்கம் சொன்னது. ஆனாலும் ஒன்டாரியோவில் அந்த ஏற்பாடு மாறவில்லை.

இந்த இடத்தில்தான் 2007இல் எதிர்க்கட்சித் தலைவர் ஜான் டோரி வந்தார். மற்ற மதப் பள்ளிகளையும் அரசு உதவிக்குள் கொண்டுவருவேன். அவர்கள் மாகாணப் பாடத்திட்டத்தை நடத்த வேண்டும், தகுதி பெற்ற ஆசிரியரை வைக்க வேண்டும், அரசுத் தேர்வை எழுத வேண்டும் என்றார். சுமார் 53,000 பிள்ளைகள், ஆண்டுக்கு 40 கோடி டாலர் செலவு என்பது கணக்கு. முதல்வர் டால்டன் மெக்கின்டி எதிர்த்தார். அவரே கத்தோலிக்கர், கத்தோலிக்கப் பள்ளியில் படித்தவர். பிள்ளைகளை மதவாரியாகப் பிரிக்காதீர்கள், அந்தப் பணத்தைப் பொதுப்பள்ளிக்குப் போடுங்கள் என்பது அவர் வாதம். அப்படியானால் கத்தோலிக்கப் பள்ளி மட்டும் பிரிக்கவில்லையா என்று கேட்டவர்களுக்கு, அது அரசியலமைப்பில் இருக்கிறது என்பதே பதில்.

மக்கள் டோரியின் யோசனையை ஏற்கவில்லை. இடையில், மதப் பள்ளியில், உலகைக் கடவுளே படைத்தார் என்னும் படைப்புக் கொள்கையைச் சொல்லித் தரலாமா என்ற கேள்விக்கு அவர் சொன்ன பதில் வேறு வம்பாயிற்று. சொந்தக் கட்சி வேட்பாளர்களே முணுமுணுத்தார்கள். வாக்குப்பதிவுக்கு ஒன்பது நாள் முன்பு, சட்டமன்றத்தில் உறுப்பினர்கள் மனசாட்சிப்படி வாக்களிக்கலாம் என்று இறங்கி வந்தார். பலன் இல்லை. 107 இடத்தில் மெக்கின்டிக்கு 71. டோரி தன் தொகுதியிலேயே தோற்றார், அதுவும் கல்வி அமைச்சராக இருந்த கேத்லீன் வின்னிடம்.

என் அபிப்பிராயம் கேட்டால்: டோரி சொன்ன குறை நியாயம், மருந்துதான் எனக்குப் பிடிக்கவில்லை. ஆளுக்கொரு பள்ளி கட்டிக்கொள்ளப் பணம் தருவதைவிட, ஏற்கெனவே பணம் வாங்கும் பள்ளி வாசலைத் திறந்துவிடச் சொல்லியிருக்க வேண்டும். அங்கே கத்தோலிக்க உயர்நிலைப் பள்ளியில் எந்த மதப் பிள்ளையும் சேரலாம். தொடக்கப் பள்ளியில்தான் சான்று கேட்கும் வழக்கம். வரி எல்லோருடையது என்றால் ஒன்றாம் வகுப்பு வாசலும் எல்லோருக்கும் திறந்திருக்க வேண்டும். மாற்ற முடியாது என்பதும் இல்லை: கியூபெக்கும் நியூஃபவுண்ட்லாந்தும் 1990களின் கடைசியில் அரசியலமைப்பைத் திருத்தியே மதவாரிப் பள்ளி ஏற்பாட்டை விட்டுவிட்டன. பேரனை மகள் பொதுப்பள்ளியில் தாராளமாகச் சேர்க்கட்டும்.

டீச்சர், நீங்கள் முப்பத்தொரு வருடம் கிறிஸ்தவ எய்டட் ஸ்கூலில் வேலை பார்த்தவர். சாமியார்கள் நடத்தும் பள்ளிக்கு நம் வரிப்பணத்தில் சம்பளம் தருவது சரியா? கோபப்படாமல் பதில் சொல்லுங்கள்.
– கல்லூரி மாணவர், குறிஞ்சிப்பாடி

கோபம் எதற்குத் தம்பி? நெற்றியில் குங்குமத்தோடு அதே பள்ளியில் சேர்ந்து, அதே குங்குமத்தோடு ஓய்வு பெற்றேன். ஒருநாளும் யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

நம் ஊர் ஏற்பாடு ஒன்டாரியோ மாதிரி இல்லை. இங்கே உதவி ஒரு மதத்துக்கு என்று எழுதப்படவில்லை. 1854இல் கம்பெனி அரசு அனுப்பிய கல்வி அறிக்கையிலேயே, யார் நடத்தினாலும் படிப்பு ஒழுங்காக இருந்தால் மானியம் என்றுதான் இருந்தது. அதனால்தான் நம் மாநிலத்தில் மிஷன் பள்ளியும், இந்து அறக்கட்டளைப் பள்ளியும், முஸ்லிம் சங்கப் பள்ளியும் ஒரே சட்டத்தின் கீழ் அரசுச் சம்பளம் வாங்குகின்றன. சிறுபான்மையினர் நடத்துகிறார்கள் என்பதற்காக உதவியை மறுக்கக் கூடாது என்கிறது அரசியலமைப்பின் 30ஆம் பிரிவு. உதவி வாங்கும் பள்ளி மதத்தையோ சாதியையோ காட்டி ஒரு பிள்ளையைத் திருப்பி அனுப்பக் கூடாது என்கிறது 29. பெற்றோர் சம்மதம் இல்லாமல் மதபோதனையில் உட்காரவைக்கக் கூடாது என்கிறது 28.

இந்த 28ஐ நான் சட்டப் புத்தகத்தில் படிக்கும் முன் கையில் பிடித்துப் பார்த்தேன். எங்கள் பள்ளியில் வாரம் இரண்டு நாள் முதல் பீரியட், கத்தோலிக்கப் பிள்ளைகள் ஞானோபதேசத்துக்குப் போவார்கள். மற்றவர்கள் வேப்பமரத்தடியில் என்னிடம் நீதிபோதனைக்கு. தேவனாம்பட்டினத்து மீனவர் வீட்டுப் பெண் ஒருத்தி, ஏழாம் வகுப்பு, சிநேகிதியோடு ஞானோபதேசத்துக்குப் போகிறேன் என்று அடம். வீட்டிலிருந்து கடிதம் வாங்கி வா என்றார் தலைமை ஆசிரியையாக இருந்த சிஸ்டர். மறுநாள் நோட்டிலிருந்து கிழித்த ஒரு தாள் வந்தது. எழுத்து மகளுடையது, கீழே அம்மாவின் கைநாட்டு. மை காய்வதற்குள் மடித்ததில் எதிர்ப்பக்கத்திலும் பாதி ரேகை பதிந்திருந்தது. சிஸ்டர் அதைப் பத்திரமாக ஃபைலில் வைத்தார். நான்கு வாரம் கழித்து அந்தப் பெண் வேப்பமரத்தடிக்கே திரும்பி வந்துவிட்டாள். அங்கே மனப்பாடம் அதிகம் என்றாள்.

ஆனால் நம்மிடமும் ஒரு 1867 இருக்கிறது. அதன் பெயர் 1991. அந்த 1991–92 கல்வியாண்டு முதல் தொடங்கிய தனியார் பள்ளிக்கோ, பழைய பள்ளியே புதிதாகத் தொடங்கிய வகுப்புக்கோ மானியம் கிடையாது என்று தமிழ்நாட்டில் சட்டமே வந்துவிட்டது. முன்பே வந்தவர் உள்ளே, பிறகு வந்தவர் வெளியே. யாருக்குத் தேவை என்று பாராமல் எப்போது தொடங்கினாய் என்று கேட்கிறது. நூறு வருடப் பெருமை பேசும் நகரத்துப் பள்ளிக்குச் சம்பளம் வரும்; பிறகு ஏழைப் பிள்ளைகளுக்காகவே ஆரம்பித்த கிராமத்துப் பள்ளிக்கு வராது. இதை எந்தக் கட்சியும் மேடையில் பேசி நான் கேட்டதில்லை.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். அரசு சம்பளம் தரும் பணியிடத்துக்கு நிர்வாகம் ஆள் எடுக்கிறது. அதில் எல்லா இடத்திலும் மதிப்பெண்தான் பேசுகிறது என்று சொன்னால் நான் பொய் சொன்னவள் ஆவேன். நகையை அடகு வைத்து வேலைக்கு வந்தவர்களோடு ஒரே அறையில் உட்கார்ந்து நானும் தேர்வுத்தாள் திருத்தியிருக்கிறேன். பள்ளி யாருடையதாக இருந்தாலும், காலிப் பணியிடத்தையும் தேர்வானவர் மதிப்பெண்ணையும் வாசலில் ஒட்ட வேண்டும். இந்த ஒரு நிபந்தனை போதும், நீங்கள் கேட்ட கேள்வியில் பாதி கரைந்துவிடும்.

எங்கள் வீட்டில் மூன்று பேருக்கு பிரெஞ்சு குடியுரிமை. பிரான்ஸ் மதத்தையும் அரசையும் பிரித்த நாடாயிற்றே, அங்கே மதப் பள்ளிக்குப் பணம் தருவார்களா?
– இல்லத்தரசி, புதுச்சேரி

தருகிறார்கள் அம்மா. பிரித்த சட்டம் 1905. ஆனால் 1959இல் வந்த தெப்ரே சட்டப்படி, அரசோடு ஒப்பந்தம் செய்துகொண்ட தனியார் பள்ளிகளின் ஆசிரியருக்கு அரசே சம்பளம் தருகிறது. அவற்றில் பெரும்பாலானவை கத்தோலிக்கப் பள்ளிகள். பதிலுக்கு அரசுப் பாடத்திட்டம் வேண்டும், எந்த மதப் பிள்ளையையும் சேர்க்க வேண்டும். 1984இல் இந்த ஏற்பாட்டை மாற்றப் பார்த்தபோது பாரிஸ் தெருவில் லட்சக்கணக்கில் கூட்டம் கூடியது, அரசு பின்வாங்கியது, பிரதமரே விலகினார். உங்கள் வீட்டு மூன்று ஓட்டுக்கும் இது தெரிந்திருப்பது நல்லது.

என் மகள் எட்டாம் வகுப்பு, உதவி பெறும் பள்ளி. ஓட்டு கேட்டு வருபவரிடம் நாங்கள் என்ன கேட்பது?
– மீன் வியாபாரி, கடலூர் முதுநகர்

உங்கள் கடிதத்துக்காகவே இந்த வாரம் பேனா எடுத்தேன் அண்ணா.

முதல் கேள்வி 7.5 சதவீதம். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைக்கு மருத்துவப் படிப்பில் 2020 முதல் உள் ஒதுக்கீடு இருக்கிறது. நல்ல சட்டம், கை தட்டினேன். ஆனால் உங்கள் மகளுக்கு அது இல்லை. அதே துறைமுகம், அதே கூடை, அதே தமிழ் மீடியம். பள்ளிப் பெயர்ப்பலகை மட்டும்தான் வேறு. உதவி பெறும் பள்ளியின் தமிழ் வழிப் பிள்ளைகளையும் அதில் சேர்ப்பீர்களா என்று கேளுங்கள். கேட்டால் நடக்காது என்று நினைக்காதீர்கள். புதுமைப்பெண் திட்டத்தின் ஆயிரம் ரூபாயும் முதலில் அரசுப் பள்ளிப் பெண்களுக்கு மட்டும்தான். 2024 டிசம்பரில் உதவி பெறும் பள்ளித் தமிழ் வழிப் பெண்களுக்கும் வந்தது. காலை உணவும் அப்படித்தான்: 2024இல் கிராமத்து உதவி பெறும் தொடக்கப் பள்ளிகளுக்கு வந்தது, அடுத்த வருடம் நகரத்துக்கும்.

இரண்டாவது, கட்டடம். அரசு தருவது ஆசிரியர் சம்பளம். கூரை நிர்வாகத்தின் பொறுப்பு. 2011 டிசம்பர் 30 காலை தானே புயல் கரையேறியபோது அரையாண்டு விடுமுறை, பிள்ளைகள் தப்பித்தார்கள். நான் மறுநாள் போய்ப் பார்த்தேன். ஆறாம் வகுப்பு கூரையில் ஓடு ஒன்று மிச்சமில்லை. கரும்பலகை மட்டும் சுவரில் இருந்தது, அதில் நான் எழுதிப்போட்ட விடுமுறை வீட்டுப்பாடம் மழையில் வழிந்து வெள்ளைக் கோடாக இறங்கியிருந்தது. பழைய மாணவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டுத் தகரம் வாங்கி வேய்ந்தார்கள். வெயில் காலத்தில் அந்தத் தகரத்தின் கீழ் பாடம் நடத்திப் பார்த்தால் தெரியும். சம்பளம் தருவது எவ்வளவு அரசு வேலையோ, பிள்ளை தலைக்கு மேல் கூரை போடுவதும் அவ்வளவு அரசு வேலை. புயல் சேதத்துக்காவது உதவி பெறும் பள்ளிக்கும் நிதி உண்டா என்று கேளுங்கள்.

மூன்றாவது, சற்றுமுன் குறிஞ்சிப்பாடித் தம்பிக்குச் சொன்ன அந்த 1991.

மூன்றையும் ஒரு தாளில் எழுதி, தெருவில் பத்துப் பெற்றோரிடம் கையெழுத்து வாங்குங்கள். எல்லாக் கட்சிக்காரருக்கும் ஆளுக்கொரு பிரதி. எனக்கும் ஒன்று அனுப்புங்கள், பத்திரிகை ஆசிரியரிடம் கேட்டு அடுத்த இதழில் அப்படியே போடச் சொல்கிறேன்.