433 மெகாஹெர்ட்ஸ் ரிமோட் சுவிட்ச்: கேளுங்கள், சொல்கிறேன்

கேள்வி: பட்டனை ஒருமுறைதான் அழுத்துகிறேன். ஹோம் அசிஸ்டென்டில் (வீட்டுக் கருவிகளை இயக்கும் மென்பொருள்) விளக்கு எரிந்து உடனே அணைந்துவிடுகிறது. ரிமோட் பழுதா?

பதில்: பழுதில்லை. விரல் எடுக்கும்வரை ரிமோட் அதே கோடை (code, அதாவது பட்டனுக்கான சிக்னல் எண்ணை) திரும்பத் திரும்ப அனுப்பும். வழியில் ஒன்று தவறினாலும் இன்னொன்று போய்ச் சேரட்டும் என்றுதான் அப்படிச் செய்திருக்கிறார்கள். உங்கள் ஆட்டோமேஷன் (கோடு வந்ததும் தானாக ஓடும் கட்டளை) டாகிள் செய்வதால், அதாவது இருக்கும் நிலையைப் புரட்டிப்போடுவதால், முதல் கோடுக்கு எரிகிறது, அடுத்ததற்கு அணைகிறது. ஆட்டோமேஷனின் மோடை சிங்கிளில் (ஒரு நேரத்தில் ஒரு ஓட்டம் மட்டும்) வைத்து, கடைசியில் ஒரு விநாடி டிலே போடுங்கள். அது முடியும்வரை வரும் கோடுகளை ஆட்டோமேஷன் கண்டுகொள்ளாது.

கேள்வி: ஒரே ரிமோட் நான்கு கருவிகளாகப் பதிவாகிறதே?

பதில்: உள்ளே இருப்பது ஈவி1527 சிப்பாக இருக்கும். அதன் கோடு 24 பிட்: முதல் 20 ரிமோட்டின் அடையாளம், கடைசி 4 பட்டன். ஹெக்ஸில் (நான்கு பிட்டுக்கு ஒரு இலக்கமாக எழுதும் முறை) பார்த்தால் ஆறு இலக்கங்களில் முதல் ஐந்து அப்படியே இருக்கும். கடைசி மட்டும் 1, 2, 4, 8 என மாறும். நான்கையும் வைத்துக்கொள்ளுங்கள், பெயரை மட்டும் மாற்றுங்கள்.

கேள்வி: அடுத்த அறையிலிருந்து எடுக்கவில்லை.

பதில்: ரிசீவரின் ஆன்டெனா கால் அலைநீளம், அதாவது 17.3 செ.மீ. கம்பி. சுருட்டாமல் நேராக விடுங்கள். மலிவு அடாப்டர்களின் பக்கத்தில் வைக்காதீர்கள்.

கேள்வி: தண்ணீர் மோட்டாருக்குப் போடலாமா?

பதில்: வேண்டாம். இந்த வகை சுவிட்ச் கட்டளையை வாங்கிக்கொள்ளும், பதில் சொல்லாது. திரையில் 'ஆஃப்' என்று தெரிவது நாம் அனுப்பியதன் நினைவு மட்டுமே.

கேள்வி: மூன்று தடவை ஆஃப் அனுப்பினால் போதாதா? எனக்கு இதுவரை தவறியதில்லை.

பதில்: ஆனுக்கும் ஆஃபுக்கும் தனித்தனி கோடு இருந்தால் விளக்குக்குப் போதும். ஒரே பட்டன் டாகிள் என்றால் ஒவ்வொரு தடவையும் நிலை புரளும். இரண்டுதான் போய்ச் சேர்ந்தது என்றால் மோட்டார் ஓடிக்கொண்டேதான் இருக்கும்.

கேள்வி: மின்னோட்டம் அளக்கும் சென்சார் வைத்தால்?

பதில்: அது சரியான வழி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்தச் சென்சாருக்குத் தனி இணைப்பு வேண்டும். அதற்கு நிலையைத் திருப்பிச் சொல்லும் ஜிக்பீ (இருபக்கமும் பேசும் வயர்லெஸ் முறை) ரிலேவே போட்டுவிடலாமே? ரிலேவின் ஆம்பியர் அளவு மோட்டாருக்குத் தாங்குமா என்று பாருங்கள்.

கேள்வி: அப்போ ஹீட்டருக்கு?

பதில்: மோட்டாருக்குச் சொன்னதேதான்.

கேள்வி: கேட் ரிமோட்டின் கோடைப் பதிவு செய்து திருப்பி அனுப்பினேன். திறக்கவில்லை.

பதில்: ரோலிங் கோடு. ஒவ்வொரு அழுத்தத்துக்கும் மாறும். பழையதை ரிசீவர் ஏற்காது. கேட் கன்ட்ரோலரில் வெளிச் சுவிட்சுக்கான முனை இருந்தால் அதில் ட்ரை கான்டாக்ட் ரிலே (தன் மின்சாரம் எதையும் கொடுக்காமல் இரு முனைகளைச் சேர்த்துப் பிரிப்பது) இணையுங்கள்.

கேள்வி: கீஸருக்கு மட்டுமாவது...

பதில்: கீஸரும் ஹீட்டர்தான் சார்.