ரேஸ் ஓட்டும் மகன், தூக்கம் வராத அம்மா

கேள்வி: அமெரிக்காவில், வட கரோலினா மாநிலத்தின் ஷார்லட் நகரில் வசிக்கிறோம். என் 15 வயது மகன் லெஜண்ட்ஸ் எனப்படும் சிறிய ரேஸ் கார்களின் பந்தயத்தில் ஓட்டுகிறான். ரேஸ் குடும்பத்தில் பிறந்த ஆடம் பெட்டி 19 வயதில் டிராக்கில் இறந்ததைப் படித்ததிலிருந்து எனக்குத் தூக்கமே இல்லை. நிறுத்தச் சொன்னால், "ஆடமைப் பெற்ற அப்பாவே திரும்ப ஓட்டினாரே, உனக்கு என்ன?" என்கிறார் கணவர். என் பயம் தவறா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: தவறே இல்லை, சகோதரி. ஆடமின் அப்பா கைல் பெட்டி திரும்ப ஓட்டியது உண்மைதான். மகனின் 45ஆம் எண்ணைத் தன் காரில் போட்டுக்கொண்டு ஓட்டினார். ஆனால் பிள்ளையைப் பறிகொடுத்தவர் தன் துக்கத்தை எப்படியோ தாங்கிக்கொண்ட விதம் அது. அதைக் காட்டி இன்னொரு தாயின் வாயை அடைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. அதே கைல்தான், மகன் ஆசைப்பட்டபடி, நோயுற்ற குழந்தைகளுக்காக 2004இல் உங்கள் மாநிலத்திலேயே ஒரு முகாமையும் திறந்தார். உங்கள் கணவர் அதைச் சொல்லவில்லை போலிருக்கிறது!

லீ, ரிச்சர்ட், கைல், ஆடம் என நான்கு தலைமுறையாக ரேஸ் ஓட்டிய குடும்பம் அது. தாத்தா ரிச்சர்ட் 200 பந்தயங்களில் வென்றவர். அத்தனை அனுபவமும் 2000 மே 12 அன்று நியூ ஹாம்ப்ஷயர் டிராக்கில் ஆடமைக் காப்பாற்றவில்லை. பயிற்சி ஓட்டத்தில் ஆக்சிலரேட்டர் சிக்கிக்கொண்டதாகவே கருதப்படுகிறது. கார் சுவரில் மோதியது. மண்டையோட்டின் அடிப்பகுதி முறிந்தது. இரண்டே மாதத்தில் அதே டிராக்கில் கென்னி இர்வின் என்ற இன்னொரு ஓட்டுநரும் இறந்தார். அதன் பிறகுதான் எஞ்சினை உடனே அணைக்கும் சுவிட்சை ஸ்டீயரிங்கில் வைக்கச் சொன்னார்கள். 2001 பிப்ரவரியில் டேடோனா பந்தயத்தின் கடைசிச் சுற்றில், ஏழு முறை சாம்பியனான டேல் எர்ன்ஹார்ட் இறந்தார். அவருக்கும் அதே மாதிரி முறிவு. மோதும்போது தலை முன்னால் வீசப்படாமல் பிடிக்கும் ஹான்ஸ் கருவி 1980களிலேயே வந்துவிட்டது, அவர் அணியவில்லை. அந்த வகைக் கருவியை, இந்தப் பந்தயங்களை நடத்தும் நாஸ்கார் அமைப்பு கட்டாயமாக்கியது 2001 அக்டோபரில்!

அதனால் தைரியம், கோழைத்தனம் என்ற பேச்சை விடுங்கள். கணவரிடம் நேராகக் கேளுங்கள்: பையனுக்கு ஹான்ஸ் போன்ற கழுத்துக் காப்புக் கருவி இருக்கிறதா, அவன் உடம்புக்குப் பொருந்துகிறதா, பெல்ட் காலாவதி ஆகவில்லையே, அணைக்கும் சுவிட்ச் கைக்கு எட்டுமா, ஆக்சிலரேட்டர் ஒழுங்காகத் திரும்புகிறதா என்று ஒவ்வொரு முறையும் பார்ப்பது யார்? பயிற்சி நாளிலும் இதெல்லாம் வேண்டும். ஆடம் இறந்தது பந்தயத்தில் அல்ல, பயிற்சியில். ஒன்று குறைந்தாலும் அன்று கார் இறங்கக் கூடாது. இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

எல்லாம் சரியாக இருந்தாலும் ஆபத்து போய்விடாது. போய்விடும் என்று சொல்லி உங்களை ஏமாற்ற மாட்டேன். அப்புறம், பந்தயம் இல்லாத ஒரு வாரத்தில், அப்பா பக்கத்தில் இல்லாதபோது மகனிடம் பேசுங்கள். அவனுக்கே போதும் என்று தோன்றியும், அப்பாவுக்காக ஓட்டிக்கொண்டிருக்கலாம். "விடுகிறேன்" என்றால், காருக்குச் செலவழித்த கணக்கை யாரும் அப்போது எடுக்காதீர்கள்.