பீடம் இறங்கினால் குழாய் என்ன ஆகும்? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: கோவில்பட்டி பக்கம் கரிசலில் 200 மி.மீ. இரும்புக் குடிநீர்க் குழாயைக் கான்கிரீட் பீடங்களின் மேல் கொண்டுபோகிறோம். ஸ்டாட் புரோ என்ற கட்டமைப்புக் கணக்கீட்டு மென்பொருளில் மூன்று பீடங்களை மட்டும் எடுத்து, நடுப் பீடம் 10 மி.மீ. இறங்குவதாகக் கொடுத்தேன். இடைவெளியை 6 மீட்டரிலிருந்து 3 மீட்டராகக் குறைத்தால் தகைவு (ஸ்ட்ரெஸ்) குறையாமல் கூடுகிறதே, ஏன்?
(வாசகர், பாளையங்கோட்டை)

பதில்: கூடத்தான் செய்யும். ஒரே அளவு இறக்கத்துக்கு, இடைவெளி பாதியானால் தகைவு நான்கு மடங்கு. வெளிவிட்டம் 219.1, கனம் 6.3 மி.மீ. என்று வைத்துக்கொண்டால், இறக்கத்தால் மட்டும் 6 மீட்டரில் சுமார் 18 மெகாபாஸ்கல், 3 மீட்டரில் 73. பீடத்தை நெருக்கிப் போடுவது எடைக்குத்தான் நல்லது, மண் அசைவுக்கு அல்ல.

ஆனால் அந்த 73 நிஜத்தில் வராது. நடுப் பீடம் குழாய்க்குத் தரும் எதிர்விசையான ரியாக்‌ஷனைப் பாருங்கள்: பீடம் குழாயைக் கீழே இழுப்பதாகக் காட்டும். சும்மா உட்கார்ந்திருக்கும் குழாயைப் பீடம் எப்படி இழுக்கும்? தண்ணீரோடு மீட்டருக்குச் சுமார் 67 கிலோ எடை. 3 மீட்டர் இடைவெளியில் பீடம் 2.3 மி.மீ. இறங்கியதுமே குழாய் அதை விட்டுவிடும். அதற்குமேல் பீடம் எவ்வளவு இறங்கினாலும் குழாய்க்குக் கவலையில்லை. 6 மீட்டருக்குத் தொங்கும், தகைவு 14 மெகாபாஸ்கலைத் தாண்டாது.

மாடலில் நடுப் பீடத்துக்கு மேலே உள்ள குழாய் நோடுக்கு (இணைப்புப் புள்ளிக்கு) கீழே 200 மி.மீ. நீளத்தில் எடையில்லாத டம்மி மெம்பர் (கணக்குக்காக மட்டும் போடும் கம்பி) ஒன்று போட்டு, அதைக் கம்ப்ரஷன் (அமுக்கு விசை) மட்டும் தாங்குவதாகக் குறியுங்கள். சப்போர்ட்டும் இறக்கமும் அதன் அடி நோடில். எடையும் இறக்கமும் ஒரே லோடு கேஸில் (சேர்த்துக் கணக்கிடும் சுமைத் தொகுப்பில்) இருக்க வேண்டும். தனித்தனியாக ஓட்டிக் கடைசியில் கூட்டினால் விடை தப்பு. இறக்கம் மட்டும் உள்ள கேஸில், அழுத்திப் பிடிக்க எடை இல்லாததால் டம்மி உடனே கழன்றுவிடும். குழாய்க்கு ஒரு முனையில் நீளவாக்குப் பிடிப்பும், பக்கவாட்டில் நகராமல் தடுக்கும் கைடும் கொடுக்க மறக்காதீர்கள். இல்லையென்றால் இன்ஸ்டபிலிட்டி (மாடல் நிலையாக நிற்கவில்லை என்ற) எச்சரிக்கை வரும்.

மூன்று பீடத்திலும் குழாயைச் சுற்றிப் பிடிக்கும் யூ-போல்ட் போட்டு இறுக்கியிருந்தால் கதையே வேறு. அப்போது டம்மி இல்லாத உங்கள் பழைய மாடல்தான் சரி. நடுப் போல்ட்டுகளில் சுமார் 8 கிலோநியூட்டன் இழுவிசையையும் பார்த்தாக வேண்டும்.

கரிசல் கோடையில் சுருங்கும், ஐப்பசி கார்த்திகை மழையில் உப்பும். ஆகவே மேல்நோக்கிய அசைவுக்கும் ஒரு கேஸ் ஓட்டுங்கள். இது ஆண்டுதோறும் திரும்ப வருவதால், இரண்டு எல்லைக்கும் இடையிலான மொத்தத் தகைவு வீச்சைத்தான் களைப்புக்கு (மாறிமாறி வரும் சுமையால் உலோகம் சோர்வதற்கு) எடுக்க வேண்டும்.

கேள்வி: எல்லாப் பீடத்துக்கும் 10 மி.மீ. இறக்கம் கொடுத்தேன். தகைவு பூஜ்யம்!
(வாசகர், அம்பாசமுத்திரம்)

பதில்: குழாய் மொத்தமாகக் கீழே வந்திருக்கிறது, வளையவே இல்லை. பக்கத்துப் பீடங்களுக்கு இடையே உள்ள வித்தியாசத்தைக் கொடுங்கள். அலகு மீட்டரில் இருந்தால் -0.010, பலர் இந்த இடத்தில் -10 என்று அடித்துவிடுகிறார்கள்.